அறுந்ததாகச் சொன்ன கயிறு

என் முதல் பாவசங்கீர்த்தனத்தில், நான் செய்யாத பதினாறு பாவங்களையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாளைப் புதுநன்மை என்போம். அதற்கு முன்னால் சாமியாரிடம் போய்ச் செய்த பாவங்களைச் சொல்லியாக வேண்டும், அதுவும் எத்தனை தடவை என்ற எண்ணிக்கையோடு. எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னால் அது தனியாக ஒரு பெரும்பாவம் என்று, ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் எங்களைப் பயமுறுத்தி வைத்திருந்தார். கூட்டிச் சொன்னால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்கள் வார்டின் சரித்திரமே மாறியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. திருச்சியில் பாலக்கரையைத் தாண்டி, ரயில் பாதையை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு இருந்தது. அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை, அம்மா வீட்டையும் தம்பியையும் பார்த்துக்கொண்டாள். எங்களோடேயே இருந்த பெரியப்பா எங்கள் கோயிலில் கோயில்பிள்ளை. அதாவது பூசைக்கு மெழுகுவத்தி ஏற்றுவது, கதவு திறந்து மூடுவது, ஒரு நாளைக்கு மூன்று வேளை மணி அடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அத்தை இவர்கள் இரண்டு பேருக்கும் தங்கை. கணவரை இழந்து எங்களோடு இருந்தாள். முன்னறையில் தையல் மெஷின் போட்டு, பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த வீடுகளில், உள்ள பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் புதுநன்மைக்கான வெள்ளைக் கவுன் தைத்துக் கொடுப்பது அவளுடைய தொழில். எந்த வீட்டில் யார் இளைத்திருக்கிறார்கள், யார் பெருத்திருக்கிறார்கள் என்பது எங்கள் பங்கில் ஆண்டவருக்கு அடுத்தபடியாக அத்தைக்குத்தான் தெரியும்.

எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய் கிடையாது. ரயில் பாதையைக் கடந்து அந்தப் பக்கம் போய்த்தான் குடத்தில் பிடித்து வர வேண்டும். அந்த வருடம் எங்கள் எதிர்வீட்டுப் பெண், என்னோடு படித்தவள், குடத்தோடு பாதையைக் கடக்கும்போது ஷண்டிங் வண்டியில் அடிபட்டாள். உயிர் பிழைத்துவிட்டாள், ஆனால் வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். அவளுக்கும் என்னோடுதான் புதுநன்மை. அவளுடைய கவுன் அதற்கு முன்பே தைத்து முடித்து எங்கள் பீரோவில் இருந்தது. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், அத்தை அந்தக் கவுனை எடுத்து, கீழ்மடிப்பைப் பிரித்து, தரையைத் தொடும்படி நாலு விரல் நீளம் விட்டுத் தைத்தாள். தைத்து முடித்துக் கத்திரியைக் கீழே வைத்தவள், எழுந்து வந்து அப்பாவிடம், "நான் கவுன்சிலருக்கு நிக்கப்போறேண்ணே" என்றாள்.

அப்பா சிரித்துவிட்டார். அத்தை சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவரும் நிறுத்திக்கொண்டார்.

சிரிப்பதற்குக் காரணம் இருந்தது. எங்கள் பங்கில் ஓட்டு என்பது அவரவர் போடுகிற சமாச்சாரமாக இருந்ததே இல்லை. பங்குப் பேரவையில் ஆறு பெரியவர்கள் இருந்தார்கள். தேர்தல் வந்தால் அவர்கள் கூடி யாருக்கு என்று முடிவு செய்வார்கள். அது வீடுவீடாகக் கிசுகிசுப்பாக வந்து சேரும். அந்தத் தடவையும் அவர்கள் ஒரு காண்ட்ராக்டருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அவர் எல்லா மதத்துக்கும் வேண்டியவர். மாரியம்மன் கோயிலுக்கு வளைவு கட்டினார், பள்ளிவாசலுக்குத் தொட்டி கட்டினார், எங்கள் கோயிலுக்கு முன்பக்க மதிலை எழுப்பிக் கொடுத்தார். தண்ணீர்க் குழாயை மட்டும் யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்கக்கூடிய ஆறு பேரின் வீட்டிலும் கிணறு இருந்தது.

பெரியவர்களில் ஒருவர் வீட்டுக்கே வந்து அத்தையை அதட்டினார். நாம் கொஞ்சம் பேர்தான் இருக்கிறோம், ஓட்டுப் பிரிந்தால் நமக்கு மரியாதை இருக்காது, கோயிலுக்கு விரோதமாகப் போகாதே என்றார். அத்தை ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கோயில்ல எல்லாரும் சமம்னு வாராவாரம் கேக்குறோம். ஓட்டு மட்டும் ஆறு பேர் போட்டா போதுமாங்க?" என்றாள். பிறகு மெஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டாள். அந்தச் சத்தத்தில் அவர் பேசியது எதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

இதில் தர்மசங்கடப்பட்டவர் பெரியப்பாதான். கோயிலில் வேலை பார்ப்பவர், பேரவைக்கு அடங்கி நடக்க வேண்டியவர். அத்தை மனுத்தாக்கல் செய்த நாளிலிருந்து அவர் அவளோடு பேசுவதை நிறுத்தினார். சோறு வேண்டுமென்றால் என்னைப் பார்த்து, "உங்க அத்தைகிட்ட கொழம்பு ஊத்தச் சொல்லு" என்பார். அத்தை அவருக்கு இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டு, "போதுமான்னு கேளு" என்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் தந்திக் கம்பி மாதிரி நின்றேன்.

சாமியார் யார் பக்கமும் பேசவில்லை. அவர் எங்கள் பங்குக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. மெல்லிய குரல், தலையில் இரண்டு காதுக்குப் பக்கத்திலும் நரை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஆயரின், அதாவது பிஷப்பின், சுற்றறிக்கையை வாசித்தார். குருக்கள் யாருக்கும் ஆதரவாக எங்கேயும் பேசக் கூடாது, மக்கள் மனச்சாட்சிப்படி வாக்களிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. வாசித்து முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஆறு பேரும் திருப்தியாகத் தலையசைத்தார்கள். மனச்சாட்சி என்று சொன்னது தங்களைத்தான் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

சுயேச்சைகளுக்குச் சின்னம் குலுக்கிப் போட்டார்கள். அத்தைக்கு மணி விழுந்தது.

நோட்டீஸ் அடிக்க எங்கள் பக்கத்து அச்சகங்கள் தயங்கின. காண்ட்ராக்டரைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனமில்லை. அத்தை சளைக்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி ஸ்ரீரங்கம் போனாள். வடக்கு வாசல் பக்கம் ஒரு சின்ன அச்சகம். உற்சவ நோட்டீஸும் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கிற இடம். திருமண் இட்டிருந்த முதலாளி, அத்தையின் கழுத்தில் கிடந்த ஜெபமாலையையும் கையில் இருந்த காகிதத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நம்மகிட்ட மணிக்கு இந்த ஒரு அச்சு ப்ளாக்தான் இருக்கு. திருவாராதன கைங்கர்ய நோட்டீஸுக்குப் பண்ணினது. பிடியில சங்கு சக்கரம் இருக்கும். உங்களவாளுக்கு ஆட்சேபம் ஒண்ணும் இருக்காதே?"

அத்தை ப்ளாக்கை வாங்கிப் பார்த்தாள். "அடிச்சா சத்தம் வரும்ல, அது போதுங்கய்யா. போடுங்க" என்றாள்.

இப்படியாக, எங்கள் பங்கின் சரித்திரத்தில் முதன்முதலாகத் தேர்தலில் நின்ற கத்தோலிக்கப் பெண்ணின் நோட்டீஸ் பெருமாள் மணியோடு வெளிவந்தது. பெரியவர்கள் கொதித்துப் போனார்கள். அத்தை அந்த நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு, கழுத்தில் அளவெடுக்கும் டேப் தொங்க, ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள். காண்ட்ராக்டரின் வீட்டுக்கும் போனாள். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான். "ஒரே ஒரு கொழாய்தாங்க கேக்கப்போறேன். கெடைக்கிறவரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பேன்." மரியாதைக்காகத் தலையாட்டினார்கள். ஆனால் கதவு மூடிய பிறகு உள்ளே சிரிப்பது எனக்குக் கேட்கும். அத்தைக்கும் கேட்டிருக்கும். அடுத்த கதவைத் தட்டுவாள்.

அப்போதுதான் காண்ட்ராக்டரின் ஆட்களுக்கு ஒரு யோசனை வந்தது. கோயில் மணி காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளை அடிக்கிறது. மணியோ ஒரு வேட்பாளரின் சின்னம். ஆகவே இது தேர்தல் பிரச்சாரம் என்று அதிகாரிக்கு மனுக் கொடுத்துவிட்டார்கள். அதிகாரி அதைப் படித்தாரோ என்னவோ, பேரவைப் பெரியவர்கள் படித்தார்கள். நமக்கு எதற்கு வம்பு, தேர்தல் முடிவு வரும்வரை மணியே வேண்டாம் என்று சாமியாரை நெருக்கினார்கள். அவர் ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டுச் சரி என்றார்.

பெரியப்பா மணிக்கயிற்றை அவிழ்த்து, வளையமாகச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, எங்கள் எல்லாரையும் பார்த்து, "யாராச்சும் கேட்டா கயிறு அறுந்துபோச்சுன்னு சொல்லுங்க" என்றார். மனுவுக்குப் பயந்து கோயில் மணியை நிறுத்தியது வெளியே தெரிந்தால் கேவலம் என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த வார்த்தை அது. அத்தை அவரைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார்.

மணி நின்ற பிறகுதான் அது எத்தனை பேருக்கு அடித்துக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. காலை மணிக்கு இட்லிக்கடை அக்கா அடுப்பு மூட்டுவாள். நண்பகல் மணிக்கு ரயில்வே கேட்காரர் சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பார். மாலை மணி கேட்டுத்தான் சைக்கிள் கடை பாய், தொழுகைக்குக் கிளம்ப நேரமாகிறது என்று கையைக் கழுவத் தொடங்குவார். இவர்களில் யாருமே வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், இல்லை. கோயில்பிள்ளை வீட்டுப் பெண் என்பதால், பள்ளிக்கூடம் போகும் வழியில் எல்லாரும் என்னைத்தான் நிறுத்திக் கேட்டார்கள். "என்ன பாப்பா, மணியைக் காணோம்?" நான் தலையைக் குனிந்துகொண்டு, "கயிறு அறுந்துபோச்சு" என்பேன். ஒன்பது பேருக்குச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கட்டிலுக்கு அடியில் கிடந்த அந்தக் கயிறு என் கண்முன்னால் வந்தது. அதில் ஒரு பிரிகூட விட்டிருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை எங்களுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். தொட்டி என்று நாங்கள் சொல்லும் மரக்கூண்டுக்குள் சாமியார் உட்கார்ந்திருப்பார், வலைத்தட்டிக்கு இந்தப் பக்கம் நாம் முழங்காலில் இருக்க வேண்டும். உள்ளே கேட்டதைச் சாமியார் உயிரே போனாலும் வெளியில் பேசக் கூடாது, சொன்ன பிள்ளையிடமே கூட வெளியில் வைத்து அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். மனப்பாடம் செய்த வாக்கியங்களைச் சொல்லிவிட்டு, சர்க்கரை திருடியது, தம்பியைக் கிள்ளியது எல்லாம் முடித்து, கடைசியில், "பொய் சொன்னேன் சாமி" என்றேன்.

"என்ன பொய்?"

"மணிக்கயிறு அறுந்துபோச்சுன்னு. ஆனா அது எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில முழுசா இருக்கு சாமி."

வலைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு, "எத்தனை பேருகிட்டம்மா?" என்றார்.

ஒன்பது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒருவேளை பத்தாக இருந்தால்? பன்னிரண்டாக இருந்தால்? குறைத்துச் சொன்ன பாவம் வந்து ஒட்டிக்கொள்ளுமே என்று பயந்து, எதற்கும் இருக்கட்டும் என்று, "இருபத்தஞ்சு பேருகிட்ட சாமி" என்றேன்.

சாமியார் இருமினார். இருமல்தான் என்று அப்போது நினைத்தேன்.

"சரி. ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லு. அப்புறம், அந்த இருபத்தஞ்சு பேருகிட்டயும் போயி உண்மையைச் சொல்லிடு. உள்ளது உள்ளபடி. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அதுதான் பரிகாரம். அடுத்த ஞாயிறு நன்மை வாங்குறதுக்குள்ள முடிச்சிடணும், என்ன?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் மூன்று ஜெபத்தோடு முடிந்தது. எனக்கு மட்டும் இப்படி ஒரு தண்டனையா என்று இருந்தது. ஆனால் நான் அத்தை வளர்த்த பெண். அன்று மாலையே அவளுடைய வெள்ளை நூலில் ஒரு முழம் வெட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு ஆளுக்கு ஒரு முடிச்சு.

முதலில் இட்லிக்கடை அக்கா. "அக்கா, கயிறு அறுந்துபோகல. மணி எங்க அத்தையோட சின்னம். அதனால அடிக்கக் கூடாதுன்னு மனுக் குடுத்துட்டாங்க. நான் பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க."

அக்கா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒரு பொம்பள ஓட்டுக் கேட்டதுக்காகவா சாமி மணியை நிறுத்துனானுங்க?" என்று கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினாள். பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "உங்க அத்தை சின்னம் மணியா? நோட்டீஸ் குடுத்தாங்க, நான்தான் சரியாப் பாக்கல. எங்க போட்டேன் அதை?" என்று தேட ஆரம்பித்தார். கேட்காரர் ரயில் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டுப் பெண் அடிபட்ட அன்று அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான்.

ஒன்பது பேர் ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டார்கள். மீதி பதினாறு பேருக்கு நான் எங்கே போவது? நான் பொய்யே சொல்லியிராத ஆளிடம் உண்மையை எப்படிச் சொல்வது என்று பெரிய குழப்பம். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். முன்பின் தெரியாதவர்களை நிறுத்தி, "கோயில் மணிக்கயிறு அறுந்துபோச்சு" என்பேன். அவர்கள் அப்படியா என்றதும், "இல்லைங்க, அறுந்துபோகல" என்று தொடங்கி முழுவதையும் சொல்வேன். பால்காரர், பள்ளிக்கூட வாட்ச்மேன், அம்மன் கோயில் பூசாரி என்று முடிச்சுகள் ஏறின. பூசாரி, "மணியை நிறுத்தறதாவது, அடுக்குமா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமைக்குள் வார்டு முழுக்க இதே பேச்சாகிவிட்டது. எங்கள் பங்கிலேயே, காண்ட்ராக்டருக்கு என்று தலையாட்டியிருந்த பெண்கள், தைக்கக் கொடுத்த துணியை வாங்குகிற சாக்கில் வந்து அத்தையின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். பெரியவர்கள் திண்டாடினார்கள். மணியை மறுபடி அடிக்கச் சொல்லிக் காண்ட்ராக்டரே ஆள் அனுப்பினார். "தேர்தல் முடிவு வர்றவரைக்கும்னு நீங்கதானே சொன்னீங்க" என்று பெரியவர்களிடம் சொல்லி, சாமியார் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அசையவே இல்லையாம். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பியது யார் என்று விசாரணை நடந்தது. சந்தேகம் பெரியப்பா மேல் விழுந்தது. கோயிலைவிட்டே அனுப்பிவிடுவோம் என்று அவரை நிற்க வைத்துக் கேட்டார்கள்.

அன்று அவர் வீட்டுக்கு வந்து வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நூலை மென்றுகொண்டு நின்றேன். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. பரிகாரத்தை வெளியே சொல்லக் கூடாது என்ற பயத்தில் விழுங்கிவிட்டேன். பெரியப்பா குனிந்து கயிற்றை இழுத்தார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவழியே நடந்து போய், காண்ட்ராக்டர் கட்டிக்கொடுத்த அந்த முன்பக்க மதில்மேல், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நீளமாக விரித்துப் போட்டார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்த்தார்கள். யாரோ, என்ன இது என்று கேட்டதற்கு, "ஈரமா இருக்கு, காயட்டும்" என்றாராம். அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தவர் என்னைப் பார்க்கவில்லை. நேராக அத்தையைப் பார்த்து, "கொழம்பு ஊத்தும்மா" என்றார். அத்தை இரண்டு முழம் தள்ளி நிற்காமல், பக்கத்தில் வந்து ஊற்றினாள். நான் பார்த்தேன்.

வியாழக்கிழமை தேர்தல். சனிக்கிழமை எண்ணினார்கள். அத்தை பத்தொன்பது ஓட்டில் ஜெயித்தாள். வாசலில் யாரோ வெடி வைத்தார்கள். எதிர்வீட்டுப் பெண் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மாலை ஆறு மணிக்கு, பன்னிரண்டு நாளைக்குப் பிறகு, பெரியப்பா மணி அடித்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அடித்தார்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று என்னை முத்தமிட்டார்கள். என் நூலில் இருபத்து நாலு முடிச்சுதான் இருந்தது. மறுநாள் புதுநன்மை. கோயில் வாசலுக்கு ஓடி, வருகிறவர்களையெல்லாம் பிடித்து, "மணி ஏன் அடிக்கலன்னு தெரியுமா?" என்று கேட்டேன். "அதான் அடிச்சுக்கிட்டு இருக்கே!" என்று என் தலையைத் தட்டிவிட்டுப் போனார்கள். வார்டில் ஏற்கெனவே தெரியாதவர் யாரும் மிச்சம் இல்லை. பரிகாரம் முடிக்காமல் நன்மை வாங்கினால் நேராக நரகம்தான்.

சாமியார் பீடத்துப் பக்கமிருந்து வந்தார். அவரோடு பேரவைப் பெரியவர்கள் இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்கள். நன்றிசொல்ல வந்த அத்தையும் படியில் நின்றாள். அவர் வாசலில் நின்று என்னையும், என் கையில் இருந்த நூலையும் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, தனக்கு ஒன்றுமே தெரியாதவர் மாதிரி கேட்டார்:

"ஏம்மா, பன்னெண்டு நாளா நம்ம கோயில்ல மணி ஏன் அடிக்கல?"

நான் அவரை உற்றுப் பார்த்தேன். நிறுத்தச் சொன்னதே அவர்தான். ஆனாலும் கேட்டுவிட்டாரே, விடக் கூடாது என்று அவசர அவசரமாக, "கயிறு அறுந்துபோகல சாமி. மணி எங்க அத்தையோட சின்னம், அதனால அடிக்கக் கூடாதுன்னு மனுக் குடுத்துட்டாங்க" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பெரியவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"அப்படியா?" என்றார் சாமியார். தலையை ஆட்டிவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

நான் இருபத்தைந்தாவது முடிச்சைப் போட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், பாவம், சாமியாருக்கு வயதாகிவிட்டது, தான் சொன்னதே அவருக்கு மறந்துபோகிறது என்று சொன்னேன். தூங்குவதற்கு முன், அவருடைய ஞாபகசக்திக்காக ஒரு அருள் நிறைந்த மரியே கூடுதலாகச் சொன்னேன்.